ஈக்கு வெந்நீர்

ஐந்து வருஷம் கழித்து ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, என் வழிகாட்டிப் பேராசிரியர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"போனவங்க போனவங்கதாம்மா. கல்யாணம், ஷார்ஜா, குழந்தைன்னு அஞ்சு வருஷம் வீணாப் போச்சு. இனிமே பழைய மாதிரி வேலை ஓடாது. விட்டுடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாதியில் நின்ற முனைவர் பட்டத்தை முடிக்கத்தான் மன்னார்குடிக்குத் திரும்பியிருந்தேன், அவரிடம் ஆறுதல் கேட்க அல்ல. வாதாடி மூன்று மாதம் வாங்கினேன். அதற்குள் ஒரு முடிவாவது காட்டினால்தான் மறுபதிவுப் படிவத்தில் கையெழுத்து.

என் பிழைப்பு பழ ஈயோடு. கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். பெண் ஈயின் கருவக நுனிகளில் இரண்டு மூன்று ஸ்டெம் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பிரிந்தால், பாதி அங்கேயே தங்கி ஸ்டெம் செல்லாகவே இருக்கும்; மறுபாதி நகர்ந்துபோய் முட்டையாக மாறத் தொடங்கும். எல்லாமே தங்கினால் முட்டை கிடையாது. எல்லாமே போனால் கொஞ்ச நாளில் கருவகம் காலி. வலுக்கட்டாயமாக எல்லாவற்றையும் கிளப்பிவிட்டால், போனதில் ஏதாவது திரும்பி வருமா? அதுதான் என் கேள்வி. அதற்கென்றே மரபணு மாற்றிய ஈக்கள் வைத்திருந்தேன். குப்பியோடு முப்பத்தேழு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், நுனியில் இருப்பதெல்லாம் கிளம்பிவிடும்.

ஈக்களை வெந்நீரில் வைக்கவேண்டிய நாள் பார்த்து மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, மாலை வரை கரண்ட் இல்லை. அறிவிப்பை நான் பார்க்கவில்லை; என் தப்புதான். வெந்நீர்த் தொட்டி ஜில்லென்று கிடந்தது. ஈக்களின் வயதுக் கணக்குப்படி மாலைக்குள் சூடு காட்டியாக வேண்டும்; புதிதாக ஈ வளர்க்கக் கெடுவில் நாளும் இல்லை. பேராசிரியர் எட்டிப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று போனார்.

போங்க சார், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மே மாதம்; மொட்டைமாடிக் கருப்புத் தொட்டித் தண்ணீர் கையைச் சுட்டது. ஆய்வக உதவியாளர் அக்காவும் நானும் வாளி வாளியாகப் பிடித்து இறக்கினோம். பானைத் தண்ணீர் கொஞ்சம் விளாவி, குப்பிகளை இறக்கினேன்.

"ஈக்கு வெந்நீர் போடுறீங்களா மேடம்?"

"ஆமாக்கா. அடுத்து தூளி கட்டணும்."

தெர்மாமீட்டர் போட்டிருந்தேன். ஆனால் அது இறங்குமுன்பே என் விரலுக்குத் தெரிந்தது. பிள்ளைக்குத் தினமும் குளிக்க வார்த்த கை. அக்கா சொம்பு சொம்பாக ஊற்ற, ஒரு மணி நேரம் சூட்டை நகரவிடவில்லை.

மறுநாள் சில ஈக்களை அறுத்துப் பார்த்தேன். எந்த நுனியிலும் ஒரு ஸ்டெம் செல் இல்லை. பத்து நாள் கழித்து மிச்சத்தைப் பார்த்தபோது, பல நுனிகளில் மறுபடி இருந்தன. நம்ப முடியாமல் மூன்று தடவை பார்த்தேன், அழுகையே வந்துவிட்டது.

பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். "இதெல்லாம் போகாம தங்கினதா இருக்கும்மா."

அதை எடுத்துவிட்டு, முதலில் அறுத்த ஈக்களின் ஸ்லைடை வைத்தேன். "இது வெந்நீர்ல வச்ச மறுநாள் எடுத்தது சார். ஒண்ணுகூட இல்ல."

இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "அப்ப திரும்பித்தான் வந்திருக்கு."

"வந்து வேலையும் செய்யுது சார். பக்கத்துலயே புது முட்டை வளருது, பாருங்க."

அவர் படிவத்தை எடுத்தார். இடைவெளிக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. "குடும்பச் சூழ்நிலை, வருந்துகிறேன்னு எழுதிடுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"கல்யாணம், குழந்தை. வருத்தம் ஏதுமில்லை" என்று எழுதி அவர் பக்கம் நகர்த்தினேன். படித்தார். கையெழுத்துப் போட்டார்.