சாலட் சாப்பிட வந்த பெண்

நாமக்கல் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாய் ஒரு கோழிப்பண்ணை. என் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண், தன் அம்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தாள். அவளுக்குச் சைனீஸ் பிடிக்கும் என்று கேள்விப்பட்டு, செல்போனில் பார்த்துச் சிக்கன் சாலட் செய்தேன். வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்து, முட்டைக்கோசும் கேரட்டும் மெல்லிசாக அரிந்து, சோயா சாஸ், வினிகர், வறுத்த எள் சேர்த்துப் பிசறி வைத்தேன்.

ஒரு வாய் வைத்ததுமே என் கணவர் தட்டைத் தள்ளினார். "ஏம்புள்ள, இது மனுசன் திங்கறதா, கோழித் தீவனமா?"

மகன் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தான். "பண்ணையில தீவனம் கலக்கிக் கலக்கி அம்மாளுக்கு அதுதானுங்கப்பா கைக்கு வருது!"

வழக்கம்போல நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவ வந்தவள் சமையலறையில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்களா அத்தை?"

"வெளையாட்டுக்குச் சொல்றாங்க சாமி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "புள்ளைக்கு இஷ்டமில்லைங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

என் சாலட்டால்தான் சம்பந்தம் போய்விட்டது என்று வீட்டில் இன்றும் ஏசுகிறார்கள். ஆனால் அன்று போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் பெற்ற மகனிடமிருந்து ஒரு பெண் தப்பித்துவிட்டாள் என்ற நிம்மதி அது. அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?