மணல்வெளித் தூளி

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறவள் நான். பத்து வருஷம் பள்ளிக்கூடம் போனவள், எதற்கும் காரணம் கேட்டே பழக்கம். இதைக் கேட்டுவிட்டு, வெயில் தலைக்கேறியிருக்கும் என்று நீங்களும் சொல்லலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார்.

மயிலாப்பூரில் மாமியார் வீட்டிலிருந்து அடையாற்றுக்குத் தனிக்குடித்தனம் வந்து அப்போது ஒன்பதே நாள். சுற்றிலும் தோப்பு, அதைத் தாண்டினால் மணல். அவர் காலையில் பாலம் தாண்டி ஆபீஸுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். பகல் முழுக்க நானும் எட்டு மாதக் குழந்தை கமலாவும்தான். அவளுக்கு மூன்று நாளாக ஜுரம் விட்டுவிட்டு வந்தது. புதுத் தண்ணீரா, நான் குளிப்பாட்டிய நேரமா, எதுவென்று தெரியாமல் தவித்தேன். அன்று கூடத்தில் என் பழைய பச்சைப் புடவையைத் தூளியாகக் கட்டி, முடிச்சு தாங்குகிறதா என்று வெறுமனே ஆட்டிப் பார்த்தேன். மீன்காரி எல்லம்மா வாசலிலிருந்தே அதட்டினாள்.

"இன்னாம்மா பண்றே? வெறுந்தூளிய ஆட்டுவாங்களா? கொயந்தைக்கு ஆவாது."

"முடிச்சு அவிழ்ந்தால்தான் ஆகாது எல்லம்மா."

"படிச்ச பொண்ணாச்சே, நான் சொன்னா ஏறுமா? மீனு பழசுன்னா மட்டும் ஒடனே கண்டுபிடிப்பே. நாளைக்குத் திருவான்மியூர் கோயிலுக்கு இட்டுக்கினு போறேன், துண்ணூறு பூசு, சரியாப் பூடும்."

மறுநாள் விடியலிலேயே மணல்வழியாக அழைத்துப் போனாள். தரிசனம் முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவள் கொட்டிவாக்கத்தில் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டாள். "அடையாத்துப் பக்கம் போற வண்டி வர்ற வரிக்கும் குந்திக்கினு இரு. மணல்ல தனியாப் போவாதே" என்றாள். நான் காத்திருந்திருக்க வேண்டும். குழந்தைக்குக் கஞ்சி நேரமாயிற்றே என்று அவசரப்பட்டுவிட்டேன். கடல் வலது கைப்பக்கம் இருந்தால் வீடு வந்துவிடும், இதிலென்ன என்று நடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணல் அப்படிக் கொதித்தது. மேல்மணலைக் காலால் தள்ளி, உள்ளே பாதத்தைப் புதைத்து நின்று நின்று போனேன். ஒரு மேடு ஏறி இறங்கியதும் அலைச்சத்தம் எல்லாத் திசையிலும் கேட்பது போலிருந்தது. அப்போதுதான் கமலா அழுதாள். பசி அழுகை, நடுவில் ஒரு விக்கல் வரும். முதுகைத் தட்டினேன். அவளோ என் தோளில் வாய்மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழுகை எதிரிலிருந்து வந்தது.

அங்கே இரண்டு பனைமரம், நடுவே ஒரு தூளி. தோப்பில் வேலை செய்கிற பெண்கள் இப்படிக் கட்டிவிட்டுப் போவது உண்டுதான். "யாரம்மா குழந்தை?" என்று கூப்பிட்டேன். யாருமில்லை. பத்தடி கிட்டே போனேன். பச்சைப் புடவை. ஓரத்தை மூன்று மடிப்பு மடித்துக் கட்டிய முடிச்சு, நான் கட்டுகிற முடிச்சு. நம்பினால் நம்புங்கள், உள்ளேயிருந்து ஒரு சின்னக் குதிகால் துணியை உதைத்தது.

இன்னும் இரண்டு எட்டு வைத்தால் முகம் தெரியும். வைக்க முடியவில்லை. அது கமலாவின் முகமாக இருந்துவிட்டால் என் தோளில் இருப்பது யார்? தோளில் இருந்தவளை இறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

எப்படி வீடு சேர்ந்தேனோ, பாதமெல்லாம் கொப்புளம். குழந்தைக்கு ஜுரம் அறவே இல்லை. அவர் வந்ததும், நிஜக் குழந்தையாக இருந்தால் என்ன கதி என்று அழுது, லாந்தரோடு தேட அனுப்பினேன். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வெறுங்கையோடு வந்தார். மறுநாள் எல்லம்மா குப்பம் முழுக்க விசாரித்தாள். "ஒரு கொயந்தையும் காணாமப் போவல. அந்த மேட்டாண்ட பனையே கெடயாதேம்மா" என்றாள்.

கமலாவுக்கு இப்போது ஆறு வயது. நன்றாக இருக்கிறாள். ஆனால் நான் அவரிடம்கூடச் சொல்லாதது ஒன்று உண்டு. ஓடும்போது அந்த அழுகை என் பின்னாலேயே கேட்டது. தூரத்தில் தேய்ந்து மறையவில்லை. அழுகிற குழந்தையை யாராவது கையில் எடுத்ததும் ஒரு விக்கலோடு அடங்குமே, அப்படி அடங்கியது.