அரக்கோணத்துச் சிமெண்ட் தரை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பாஸ்கெட் பால் வந்தது சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். சென்னையில் பயிற்சி முடித்துவிட்டுத் திருத்தணிக்கு வேலைக்கு வந்த டிரில் மாஸ்டர், கால்பந்துக்கு இடம் போதாது என்று கண்டு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இரண்டு பனங்கம்பங்களை நட்டார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற கொல்லர் இரண்டு இரும்பு வளையம் அடித்துக் கொடுத்தார். தரை செம்மண். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் அங்கேதான் வண்டிகளை அவிழ்த்துவிடுவார்கள். கம்பங்களில் மாடுகள் கட்டியிருக்கும். கூட்டம் கலைந்த பிறகு சாணியை வாரிக் கொட்டிவிட்டு மறுபடியும் ஆடத் தொடங்குவோம்.

நான் குள்ளம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடி, யாருக்காவது கொடுத்துவிடுவது என் வேலை. கேப்டன் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் வீட்டுப் பையன். திருத்தணியில் அக்காள் வீட்டில் தங்கிப் படித்தான். வாய் ஓயாது. அணியின் பலமெல்லாம் மூன்றாவது ஒருவனிடம் இருந்தது. அவனை எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டோம். பதினேழு வயதில் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். வளையத்தின் அருகே பந்து வந்துவிட்டால் மற்றவர்கள் கைக்கு அது எட்டாது.

நெட்டை எங்கள் ஊர்தான், திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமம். சேரியில் வீடு. அவனுடைய அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டினார். காலையில் இருவரும் ஒரே நேரத்துக்குத்தான் பள்ளிக்கூடம் புறப்படுவோம். ஊரைத் தாண்டும்வரை அவன் எனக்குப் பின்னால் தள்ளியே நடந்து வருவான். ஏரிக்கரை ஏறியதும் எட்டி நடந்து என் பக்கத்தில் வந்துவிடுவான். இப்படி நடக்க வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. எனக்கு அப்போது அது வித்தியாசமாகவும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குள் ஒரு போட்டி ஏற்பாடாகியிருந்தது. முதல் ஆட்டத்தை எங்கள் செம்மண் தரையிலேயே ஆடி ஜெயித்துவிட்டோம். அடுத்தது அரக்கோணத்தில், ரயில்வேக்காரர்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தோடு. புறப்பட வேண்டிய வாரத்தில் டிரில் மாஸ்டருக்கு மஞ்சள் காமாலை. சயின்ஸ் வாத்தியாரை எங்களோடு அனுப்பினார்கள். அவர் குடையும் செம்பும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆட்டத்தில் எந்தப் பக்கம் நாங்கள் என்று ரயிலில் கேட்டு வைத்துக்கொண்டார்.

புரட்டாசி மாதம், சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். அது சிமெண்ட் தரை. வெள்ளைக் கோடு போட்டு, சதுரமாக, அவ்வளவு அழகாக இருந்தது. எங்களில் ஒருவரும் அப்படி ஒரு தரையில் ஆடியது கிடையாது. அவர்கள் எல்லோரும் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். நாங்கள் வெறுங்கால்.

விசில் ஊதியதும் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து வெயில் குடித்த தரை தோசைக்கல்லாகக் காய்ந்துகிடந்தது. நான் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன். ஓடுவதைவிடத் துள்ளுவது அதிகமாக இருந்தது. கேப்டன் ஒரு காலைத் தூக்கி மற்றதில் தேய்த்துக்கொண்டான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். நெட்டை துள்ளவில்லை. எகிறிப் பந்தைப் பிடித்தான், இறங்கினான், அப்படியே நின்றான். பந்து வெளியே போனபோதுதான் ஓரத்து மண்ணில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். கொப்புளம் எழும்பியிருந்தது.

கேப்டன் நடுவரிடம் ஓடினான்.

"சார், இப்டி ஆட முடியாதுங்க. கால் வெந்து பூடுது. சாயந்தரமா வெச்சிக்கலாம் சார்."

"சாயந்தரம் இங்க ஆபீசர்ங்க டென்னிஸ் ஆடுவாங்க. முடியாதுன்னா சொல்லு, நீங்க தோத்துட்டதா எழுதிக்கிறேன்."

அதற்குள் எதிர் அணியின் கேப்டன் அங்கே வந்து நின்றான். சட்டைக்காரப் பையன். ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவனுடைய அப்பா என்ஜின் டிரைவர். எங்கள் கால்களைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் ஷூ ஒன்றைக் கழற்றி, பாதத்தைத் தரையில் வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான்.

"நாளைக்குக் காலையில ஆடலாம் சார்" என்றான். "இப்டி ஜெயிச்சிகினு போனா எங்க டாடி வீட்டுக்குள்ள விடமாட்டாரு."

நடுவர் கொஞ்ச நேரம் முனகினார். இரண்டு கேப்டன்களும் ஒப்புக்கொண்டால் தனக்கென்ன என்று கடைசியில் சொல்லிவிட்டார். காலை ஏழு மணிக்கு ஆட்டம். அதற்குமுன் வந்து சேரத் திருத்தணியிலிருந்து ரயில் கிடையாது. ஆகவே அரக்கோணத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. சயின்ஸ் வாத்தியார் குடையை ஊன்றிக்கொண்டு, "உங்க வீட்டுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?" என்று எங்களையே கேட்டார். ஆட்டம் பார்க்க வந்து ஊர் திரும்புகிற பையன்களிடம் தகவல் சொல்லி அனுப்பினோம். தங்கிக்கொள்ளப் பள்ளிக்கூட வராந்தாவைக் கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அந்தச் சட்டைக்காரப் பையன் சைக்கிளில் வந்தான். "அம்மா எல்லாரையும் கூப்பிடறாங்க" என்றான். சயின்ஸ் வாத்தியார் தனக்கு ஸ்டேஷனில் பழமும் பாலும் போதும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் போனோம்.

ரயில்வே குடியிருப்பில் செங்கல் வீடு. உள்ளே ஒரு நீண்ட மேசை, வெள்ளைத் துணி, பீங்கான் தட்டுகள், சுற்றிலும் நாற்காலிகள். ஒருவரும் உட்காரவில்லை. கேப்டன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த ஏசுநாதர் படத்தைப் பார்த்தேன்.

"எங்களுக்குப் பசி இல்லீங்க. ஸ்டேஷன்லயே துண்ணுட்டோம்" என்றான் கேப்டன். அது பொய்.

"இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமைங்க" என்று நான் சேர்த்துக்கொண்டேன். அது நிஜம். அந்த மாதம் எங்கள் வீட்டில் கறி எடுக்கமாட்டார்கள்.

பையனின் அம்மா பூப்போட்ட கவுன் அணிந்த பருமனான பெண்மணி. கையில் கரண்டியோடு எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"தெரியும் மேன். நான் பொறந்ததே இந்த அரக்கோணம்தான். கறி இல்லை, முட்டைகூட இல்லை. சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு. புதுச் சட்டி வாங்கி ஆக்கினேன். இப்போ இன்னா சொல்றே?"

வீட்டில் யாராவது கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் மிச்சம். அதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது?

நெட்டைதான் முதலில் நகர்ந்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் இழுத்த விதத்தில் அது தரையில் கிறீச்சென்றது; ஒரு கணம் பயந்து எழுந்துவிடப் பார்த்தான். "உக்காரு, உக்காரு" என்றார் அந்த அம்மாள். உட்கார்ந்தவனுடைய கால்கள் மேசைக்கு வெளியே நீண்டிருந்தன. கொப்புளங்களைப் பார்த்துவிட்டார். கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்து, அவன் பாதத்தைக் கையில் ஏந்தி விளக்குப் பக்கம் திருப்பினார். "ஓ காட்" என்றார். மகனை எண்ணெய் எடுத்துவரச் சொல்லி, தானே தடவிவிட்டார்.

நெட்டை அசையவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டில் அவன் கொல்லைப்புறத்தைத் தாண்டி வந்ததில்லை. அறுப்பு நாளில் கஞ்சி ஊற்றினால், வாங்கிக் குடிக்கிற குவளையை அவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவருவான்.

அந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் தட்டில் சோறு போட்டார். ஆவி எழுந்தது. வாசனையும் வந்தது. நான் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். துணிச்சல் ஒன்றும் இல்லை, பசிதான். பிறகு கேப்டன், பிறகு மற்றவர்கள். அத்தனை பேருக்கு மேசை போதவில்லை. சாப்பிடும்போது என் முழங்கையும் அவன் முழங்கையும் இடித்துக்கொண்டன. "அந்தாண்ட தள்ளி குந்துடா, பருப்பைக் கவுத்துடுவ" என்றான் நெட்டை. எல்லோரும் சிரித்தோம். அதன்பிறகு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் தின்று தீர்த்தோம். கேப்டன் மூன்றுமுறை சோறு வாங்கினான்.

மறுநாள் காலை தரை குளிர்ந்து கிடந்தது. பனி இறங்கிச் சிமெண்ட் ஈரமாக இருந்தது. நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: ஷூ போட்டவர்கள் வழுக்கினார்கள். எங்கள் வெறுங்கால் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அவர்கள் திரும்புவதற்குள் நான் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். பந்து நெட்டைக்குப் போகும், வளையத்தில் விழும். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் நன்றாக முன்னால் இருந்தோம்.

வெயில் ஏறியது. தரை உலர்ந்தது. அவர்கள் ஷூவுக்கு உயிர் வந்தது. சட்டைக்காரப் பையன் தூரத்திலிருந்தே எறிந்து போட ஆரம்பித்தான். ஒவ்வொரு பாயிண்டாக எங்களை எட்டிப் பிடித்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சமம். நெட்டை எகிறும்போது ஒருவன் அவன் கையைத் தட்டிவிட்டான். அந்தத் தவறுக்காக நெட்டைக்கு யாரும் மறிக்காமல் எறிய இரண்டு வாய்ப்பு கிடைத்தது.

முதல் எறி வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. நெட்டை கைகளை நிஜாரில் துடைத்தான். கேப்டன்கூட வாயை மூடிக்கொண்டான். இரண்டாவது எறி பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே இறங்கியது. அதன்பின் பந்தை எங்கள் பக்கத்து வளையம்வரை கொண்டுவர அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. சயின்ஸ் வாத்தியார் குடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே ஓடிவந்துவிட்டார். "ஜெயிச்சது நாமதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களைக் கட்டிக்கொண்டார்.

வேலை முடிந்து கரி படிந்த உடையோடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்ஜின் டிரைவர், மகனின் தோளைத் தட்டிவிட்டு நேராக நெட்டையிடம் வந்தார்.

"எந்த கிளாஸ்?"

"கடைசி வருஷம் சார்."

"பாஸ் பண்ணிட்டு என்னை வந்து பாரு. எங்க டீமுக்கு உயரமான ஆளு வேணும். ஆட்டத்துக்கு ஆட்டம், வேலைக்கு வேலை. நான் பேசறேன்."

அடுத்த ஆட்டம் திருவள்ளூரில். படுதோல்வி. அவர்கள் அணியில் நெட்டையைவிட உயரமான இருவர் இருந்தார்கள். எங்கள் சீசன் அத்தோடு முடிந்தது. கேப்டன் பரீட்சை எழுதிவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தான். நான் மறு வருஷமும் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

நெட்டை பாஸானான். ரிசல்ட் வந்த வாரம் அவனுடைய அப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகனை அந்த ஆடியிலிருந்தே முழு நேரமும் ஏருக்கு வைத்துக்கொள்வது என்று என் நைனா எண்ணியிருந்தார்.

"ரயிலுக்குப் போறானாம்ங்க" என்றார் அவர்.

"கரி அள்ளிப் போடத்துக்கா இவ்ளோ படிச்சான்?" என்றார் நைனா.

"ஆங், அதுக்குத்தாங்க."

அப்படியே நின்றார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. நைனா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வெகு நேரம் மென்றார். நான் உள்ளே கதவருகில் நின்றிருந்தேன். அந்த டிரைவர் நல்ல மனுஷர், சொன்னபடி செய்வார் என்று சொன்னேன். "உன்னை யார் கேட்டாங்க?" என்றார் நைனா. கொஞ்சம் கழித்து, வந்தவரைப் பார்த்து, "எப்ப போறான்?" என்றார். "நாளைக்குங்க." "சரி, போவட்டும்."

டிரைவர் சொன்னபடியே செய்தார். நெட்டை என்ஜினில் கரி போடுகிற வேலையில் சேர்ந்தான். ரயில்வே அணியில் ஆடினான். டிரைவரின் குடும்பம் அதற்கு அடுத்த வருஷமே கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. அவன்தான் சாமான்களை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னான்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் ரயில்வே அணி ஒருமுறை திருத்தணிக்கு ஆட வந்தது. எங்கள் கம்பங்களில் அன்றைக்குப் புது வலை கட்டியிருந்தார்கள். நெட்டையின் அப்பா வயலில் இருந்து நேராக வந்திருந்தார். மகன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. கயிற்றோரம் என் பக்கத்தில் நின்றுகொண்டார். கட்டம் போட்ட பனியனும் வெள்ளை ஷூவுமாக மகன் இறங்கியபோது யாரோ என்று பார்த்தார். பிறகு வளையத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பைக்கு அடியில கிழிஞ்சிகீதே, யாரும் தைக்கலியா?" என்று கேட்டார்.

பந்து கீழே விழ வேண்டும், அதற்காக அப்படித்தான் கட்டுவார்கள் என்று சொன்னேன்.

"அப்ப போட்டது நிக்காதா?"

"நிக்காது. கணக்கு மட்டும் வெச்சிப்பாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் பந்து அவனிடம் வந்துவிட்டது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகன் எகிறும்போதெல்லாம் அவரும் குதிகாலை உயர்த்தி நின்றார்.