மூன்று விரல் கனம்

என் சித்தப்பா மலையில் விழுந்ததற்குக் காரணம் நான். சித்தி இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் எல்லாரும் சித்தி என்றுதான் சொல்கிறார்கள். தீபாவளிக்குக் கூடினால் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுப்பார், எல்லாரும் சிரிப்பார்கள், சித்தியும் சேர்ந்து சிரிப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சுவா பக்கத்தில் எஸ்டேட்டை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். பின்வேலியைத் தாண்டினால் செம்பனை. சித்தப்பா இளவயதில் அங்கே குலை வெட்டினார். பிறகு அதே குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகும் லாரியை ஓட்டினார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் சோறு தின்றதும் தூங்கியதும் பாதி நாள் அந்த வீட்டில்தான்.

பக்கத்து டவுன் லுக்குட்டில் ஒரு பட்டறையின் பின்னால் அந்த ஸ்கிராம்ப்ளர் மாதக்கணக்கில் நின்றது. ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும் வகை மோட்டார் சைக்கிள். யாரோ ஓட்டிச் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போனது. லாரிக்கு டயர் பார்க்கப் போகும்போதெல்லாம் சித்தப்பா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசியில் ஒரு நாள் என்னையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு வாங்கப் போனார்.

வாங்குவதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்த விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குனிந்து முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆடுகிறதா என்று பார்த்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். எண்ணெய் மூடியைத் திறந்து மோந்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் புகைக்குழாய்க்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டி, கையில் கரி ஒட்டுகிறதா என்று பார்த்தார். பட்டறைக்காரச் சீனர் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று சித்தி கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்னு சொல்றாரு லா" என்றார் சித்தப்பா.

"என்னப் பாக்க வந்தப்போ நீங்க தலையே நிமிரல" என்றார் சித்தி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சூடம் காட்டினார். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். முகப்பு விளக்குக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் காலை சித்தப்பா முதலில் கழற்றியது அந்தக் கண்ணாடிகளைத்தான். காட்டில் கிளை அடித்து உடைந்துபோகுமாம். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"சாமி கும்பிட்டு வெச்ச பொட்டு. அதக் கழட்டிச் சாக்குல போடறியே, நீ உருப்படுவியா?"

"அண்ணி, சாக்குலயும் சாமி இருப்பாரு" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மோட்டாரிலிருந்து ஒன்று கழன்றது, ஒன்று ஏறியது. சிக்னல் விளக்குகள் சாக்குக்குப் போயின. ரோட்டு டயர் போய்க் கட்டை கட்டையாய்ப் பல் வைத்த டயர் வந்தது. முன்னால் இருந்த பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒரு பல் குறைந்ததைப் போட்டார். வேகம் குறையும், ஏற்றத்தில் இழுக்கும். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க அலுமினியத் தகடு. பிறகு, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற இரண்டு மிதிகளையும் கழற்றினார். அன்றைக்கு நான் அழுதேன். அது என் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"காட்டுல பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது பாப்பா. எடுத்து வெச்சிருக்கேன், தூக்கிப் போடல" என்று சாக்கைக் காட்டினார்.

இத்தனையும் ஒரே ஒரு நாளுக்காக. கோலா கிளாவாங் மலைக்குள்ளே ஒரு செம்மண் தடம் இருந்தது. உச்சிக்குப் போனால் நாலு பக்கமும் மலை தெரியும் என்பார்கள். கம்பெனியில் லாரி ஓட்டுகிற சிலரும் லாரிகளைப் பார்த்துக்கொள்கிற மண்டோரும் வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே ஸ்கிராம்ப்ளர் ஏற்றுவார்கள். அந்த வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் போவதாக முடிவு செய்திருந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து ஆலை, ஆலையிலிருந்து எஸ்டேட் என்று ஒரே ரோட்டில் தேய்ந்த மனிதர் சித்தப்பா. ஒரே ஒரு தடவை அந்த உச்சிக்கு ஏறிவிட வேண்டும் என்று சாப்பிடும்போதும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை. மோட்டாரின் உயரம்தான் என் பெருமை. சீட்டு என் நெஞ்சுக்கு வரும். வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் அளந்து காட்டியிருந்தேன்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன். சித்தப்பா சீட்டின் உறையை உரித்துப்போட்டுவிட்டு, ரொட்டி வெட்டுகிற கத்தியால் உள்ளே இருந்த பஞ்சை அறுத்துக்கொண்டிருந்தார். மூன்று விரல் கனத்துக்கு ஒரு பாளம் தனியாக வந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். உறையை மறுபடி இழுத்து, அடியில் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினார். பார்த்துப் பிடித்திருந்தால் லுக்குட்டில் கொடுத்துத் தைக்கலாம் என்றார். மோட்டார் பார்க்க இடுப்பொடிந்த மாடு மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மண்டோரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள்.

"என்னடா இது? நீ ஆறடி ஆளு. காட்டு மோட்டார உக்கார வெச்சுட்ட?" என்றார் மண்டோர். சித்தப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சமையலறை வாசலிலிருந்து சித்தி சொன்னார்: "நான்தான்ணே வெட்டச் சொன்னேன். எனக்குக் கால் எட்டல. நானும் ஓட்டிப் பழகணும்ல?"

சிரித்தார்கள் பாருங்கள், தாமான் முழுக்கக் கேட்டது. சித்தி என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். பாலர் பள்ளிக்குச் சமைக்கப் போக ஒரு பழைய சின்ன மோட்டார் ஓட்டுவார், அதையும் முடுக்க மாட்டார். அம்மா வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"சேலையோட ஏறுவியா, இல்ல அவன் சிலுவார மாட்டிக்குவியா? ஆம்பள ஆசையா ஒண்ணு வாங்கினா உனக்குப் பொறுக்காதே!"

சித்தி தேத்தண்ணீர் கலக்க உள்ளே போனார்.

அடுத்த வாரம் பள்ளியில், "உங்க சித்தி மோட்டாராமே, எங்க ஆடுகூட ஏறும்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சித்தியின் மேல் அப்படி ஒரு கோபம். அந்தப் பாளத்தை, சித்தப்பா அறுத்த அன்றைக்கே குப்பையிலிருந்து எடுத்து எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எதற்கென்று அப்போது தெரியாது. இப்போது தெரிந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு வீட்டாரும் சாமான் வாங்கக் கிளம்பினார்கள். வயிற்று வலி என்று நான் படுத்துக்கொண்டேன். கார் முனை திரும்பியதும் எழுந்தேன். ராஃபியா கயிற்றை அவிழ்த்தேன். செருப்பு ஒட்டுகிற மஞ்சள் பசையைக் கையாலேயே பூசி, பாளத்தைப் பழைய இடத்தில் அழுத்தி, உறையை இழுத்துக் கட்டினேன். பசை விரலில் காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. மோட்டார் மறுபடி என் நெஞ்சுக்கு வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. மோட்டாரை லாரியில் ஏற்றிக் கித்தான் போட்டு மூடினார்கள். நாங்கள் பின்னால் காரில், சோற்றுப் பானையோடு. சித்தப்பா மோட்டாரில் ஏறி உட்கார்ந்தது கோலா கிளாவாங்கைத் தாண்டி, மலையடிவாரத்தில், எல்லார் எதிரிலும்தான்.

உட்கார்ந்ததும் அவருடைய இடது கால் தரையைத் தேடியது. நுனிவிரல் மட்டும் பட்டது. அவர் குனிந்து சீட்டைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். சித்தி சீட்டைப் பார்த்தார், திரும்பி என் விரல்களைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்னடா, பொண்டாட்டி சீட்டு சொகமா இருக்கா?" என்றார் மண்டோர்.

கயிறு நாலு முடிச்சு. ஒரு கத்தி இருந்தால் இரண்டு நிமிஷத்தில் பஞ்சை எடுத்துவிடலாம். ஆனால் ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார்கள். சித்தப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"ஏங்க" என்றார் சித்தி. அவ்வளவுதான் சொன்னார்.

"போய்ட்டு வந்துடறேன்" என்றார் சித்தப்பா.

அழகாக ஏறினார். மிதிகளில் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு இரண்டு வளைவுகளைத் தாண்டினார். நான் கைதட்டினேன். மூன்றாவது வளைவு கீழேயிருந்து நன்றாகத் தெரியும். அங்கே முன்னால் போன ஒருவரின் மோட்டார் திடீரென்று அணைந்தது. சித்தப்பா நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினார். இடது காலை ஊன்றினார். விரல்நுனியில் நின்ற அந்தக் கால், துணி மடங்குகிற மாதிரி மடங்கியது. மோட்டாரும் அவருமாகச் சாய்ந்து, தண்ணீர் அரித்த பள்ளத்தில் விழுந்தார்கள்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை என்றதும் மண்டோர் ஓடிப்போய்த் தூக்கினார். நாங்கள் மூச்சு வாங்க ஏறிப் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் சிலுவார் முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. வலது கால் லாரிக்காரர் கால். இடது கால் என் கால் மாதிரி இருந்தது.

மண்டோர் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கால வெச்சுக்கிட்டா எத்தன நாளா லாரி கிளட்ச் மிதிக்கிற?"

"இப்ப விழுந்ததுலதான்ணே" என்றார் சித்தப்பா. விழுந்தால் கால் வீங்கும், இளைக்காது. அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், வெட்டின சீட்டு எப்படி உயர்ந்தது என்று பார்க்க அப்பா அதைப் பிரித்தார். பசை இழை இழையாக நீண்டது. யார் செய்த வேலை என்று கத்தினார். அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நான்தான் மாமா" என்றார் சித்தி. "அவ்ளோ தூரம் போறாரு, இடுப்பு வலிக்குமேன்னு திரும்ப வெச்சுட்டேன்."

"வெட்டச் சொன்னதும் நீ, ஒட்டினதும் நீ" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கு ஒரே புத்தியா இருக்கவே தெரியாதா?"

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், தேங்காய் எண்ணெய் தடவி என் விரல்களிலிருந்து பசையை உருட்டி உருட்டி எடுத்தார். திட்டவில்லை. "இனிமே மோட்டாரத் தொடாத பாப்பா" என்றார். அடி வாங்காமல் தப்பித்தேன் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

மற்றதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு தெரிந்துகொண்டவை. குலை வெட்டுகிற காலத்தில் ஒரு செம்பனைக் குலை சித்தப்பாவின் இடுப்பில் விழுந்திருந்தது. அன்றைக்குத் தைலம் தடவி மறுநாளே வேலைக்கு அனுப்பினார்கள். அதில் அடிபட்ட நரம்பு வருஷக்கணக்கில் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. தெரிந்தால் லாரியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் அவர் சித்தியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. கால் முழுக்கப் போவதற்குள் ஒரு தடவை அந்த உச்சியைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அந்த மோட்டாரையே வாங்கியிருக்கிறார். உள்ளங்கால் முழுதாகத் தரையில் பட்டால் அந்தக் கால் தாங்கும், விரல்நுனியில் தாங்காது. அதற்குத்தான் மூன்று விரல் பஞ்சை அறுத்தார். நான் ஒட்டினேன். அவர் அந்த உச்சிக்குப் போகவே இல்லை.

ஒரு மனிதன் தன் காலை நண்பர்களிடமே மறைக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் ஊர்ச் சிரிப்பையெல்லாம் தன் தலையில் வாங்கி அதை மூடிவைக்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை. முதல் ஆள் நானாக இருக்கிறேன்.

லாரியை வேறொருவரிடம் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்கு ஆலையில் குலை எடை போடுகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். ஆலைக்குச் செம்பனைக்குள்ளே குறுக்கே போனால் கிட்டம். ஆனால் அது சேறும் பள்ளமுமான தடம். சித்தியின் சின்ன மோட்டார் அதில் போகாது.

அடுத்த மாதம் மோட்டார் லுக்குட்டுக்குப் போய், ஸ்பிரிங் தாழ்த்தி, சித்தியின் உயரத்துக்குச் சீட்டுப் பஞ்சு குறைத்து, ஒழுங்காகத் தைத்து வந்தது. சாக்கில் கிடந்த பின்மிதிகளைச் சித்தப்பா எடுத்து, துரு தேய்த்து, திரும்ப மாட்டினார். பொட்டு காய்ந்திருந்த கண்ணாடிகளையும் மாட்டினார். சித்தி வேலிக்குப் பின்னால் இரண்டு வாரம் விழுந்து எழுந்து பழகினார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

பள்ளி திறந்த முதல் நாள், சீருடையோடு வாசலில் நின்றேன். சித்தி சித்தப்பாவின் சிலுவாரை மடித்துவிட்டுப் போட்டிருந்தார். முன்னால் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் தரையில் அழுத்தமாக ஊன்றி, சித்தப்பா ஏறும்வரை மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தன் இடது காலைக் கையால் தூக்கிப் பின்மிதியில் வைத்தார். அந்த மிதி என்னுடையது.

சித்தி திரும்பி என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் காட்டவில்லை. எப்படியோ நினைத்ததைச் சாதித்துவிட்டார், மோட்டாரை வாங்கிக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.