கபரில் கூப்பிட ஒரு பேர்

பக்கத்து வீட்டு சுரோசோ செத்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் இந்தப் பீடை நுழைந்தது. அப்போது என் வீட்டுக்காரருக்கு அறுபது வயது. அந்த அறுபது வருஷமும் அம்மா பேர் தெரியாமலேதான் சாப்பிட்டார், தூங்கினார், ஊரார் தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டினார். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சுரோசோவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். கால் கழுவ நான் வாசலில் தண்ணீர் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் தியோ காலைக் கழுவாமல் பள்ளிவாசல் மோதினார் காசானை நிறுத்திவைத்துக் கேட்டார்.

“கபர்க் குழி பக்கத்துல உக்காந்து தல்கீன் ஓதும்போது துமினாவின் மகனே சுரோசோன்னு கூப்பிட்டீங்களே, பாக் காசான். அப்பா பேரைச் சொல்ல மாட்டீங்களா?”

“கபர்ல அம்மா பேருதான் செல்லும். மலக்குங்க வானத்துல இருந்து வந்து கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி ஆளைக் கூப்பிட்டுப் பதில் சொல்லிக் கொடுக்கணும்ல? பெத்தவ பேரைச் சொன்னா ஆள் தப்பாது. அப்பன் யாருன்னு இந்த ஊர்ல யாரால சத்தியம் பண்ண முடியும்?”

ஆண்கள் சிரித்தார்கள். தியோ சிரிக்கவில்லை.

“அம்மா பேரு தெரியாதவனை என்னன்னு கூப்பிடுவீங்க?”

“ஹவ்வாவின் மகனேன்னுதான். எல்லாரையும் பெத்தவ அவதானே. ஆத்துல ஊருபேரு தெரியாம மிதந்து வர்ற பொணத்துக்கெல்லாம் அப்படித்தான் ஓதுறது.”

தியோ உள்ளே வந்தார். அன்றைக்கு தெம்பே பொரித்து மிளகாய் அரைத்து வைத்திருந்தேன். தொடவில்லை. “என்ன?” என்றேன். “ஆத்துல மிதந்து வந்த பொணம்னு சொல்றான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எட்டு வருஷம் அது எங்களைப் பிடித்து ஆட்டியது.

தியோவின் அப்பா ஹாலந்துத் துரை. சலாத்திகாவுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் சின்ன துரையாக இருந்தவர். ஹார்டர்ஸ் என்று பேர். அம்மா எங்களை மாதிரி ஜாவாக்காரி. நிக்காஹ் இல்லாமல் துரைமார் வீட்டில் குடித்தனம் நடத்தும் பெண்களை நியாய் என்பார்கள். சமையல்காரன், தோட்டக்காரன், குதிரைக்காரன் எல்லாருக்கும் அவள் நியாய்தான். தியோவுக்கு அவள் அம்மா. நாலு வயதுப் பிள்ளை அம்மாவுக்குப் பேர் இருக்கும் என்று நினைக்குமா? 1937-இல் துரைக்கு ஊரிலிருந்து கப்பலில் மணப்பெண் வந்தாள். நியாயைத் தோட்டத்துக்கு வெளியே அனுப்பினார்கள். பிள்ளையை செமாராங்கில் ஒரு அநாதை இல்லத்தில் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி நடந்த வீடுகள் எத்தனையோ.

சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்களும் அரைவெள்ளைக்காரர்களும் கப்பலேறினபோது இவர் ஏறவில்லை. “அங்க போனா எனக்கு யாரு இருக்கா?” என்பார். இங்கே மட்டும் யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. என்னைக் கட்ட மதம் மாறினார். என் அப்பா அவருக்குத் தௌபிக் என்று பேர் வைத்தார். அந்தப் பேர் இவர் மேல் ஒட்டவே இல்லை. “பாக் தௌபிக், பாக் தௌபிக்” என்று மரியாதையாக ஆள் முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டை வறளக் கூப்பிடும். இவர் பாட்டுக்கு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். “தியோ” என்று நான் ஒரு அதட்டல் போட்டால்தான் திரும்புவார். காது செவிடில்லை. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே தோன்றாது அவருக்கு.

முதலில் அநாதை இல்லத்துக்குப் போனார். கட்டடம் வேறு கைக்கு மாறியிருந்தது. பழைய பதிவேட்டை ஒரு பாதிரியார் காப்பாற்றி வைத்திருந்தார். அதில் அப்பா பேர், தேதி, அதற்குக் கீழே “இரண்டு சட்டை, ஒரு எனாமல் குவளை”. அம்மா என்ற இடத்தில் “உள்ளூர்ப் பெண்”. 

“குவளையை எழுதத் தெரிஞ்சவனுக்கு அவ பேரை எழுதக் கை வலிச்சுதாக்கும்” என்றேன்.

“பொனி, சும்மா இரு.”

பிறகு ஹாலந்துக்கு எழுதினார். வருஷக்கணக்காகக் கடிதம். ஒருநாள் ஒரு கெட்டி உறை வந்தது. துரையின் கட்டின பெண்டாட்டிக்குப் பிறந்த மகள், அன்னலீஸ் என்று ஒருத்தி. நல்ல மனுஷி, சும்மா சொல்லக் கூடாது. அப்பா தோட்டத்திலிருந்து ஊருக்கு எழுதின பழைய கடிதங்களை எல்லாம் நகல் எடுத்து அனுப்பியிருந்தாள். தியோ உட்கார்ந்து எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மழை, காப்பி விலை, வயிற்றுப்போக்கு, நாய். நாய் பேர் சீசர். சீசர் பாம்பைக் கொன்றது, சீசருக்குக் காலில் முள், சீசர் செத்தது. ஏழு வருஷக் கடிதத்தில் சோறு போட்டவளை, பிள்ளை பெற்றவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஒரு போட்டோவும் இருந்தது. படிக்கட்டில் துரை, மடியில் குழந்தை, காலடியில் நாய். பின்னால் கதவோரம் ஒரு பெண் நிற்கிறாள். எடுக்கும்போது அசைந்துவிட்டாள் போல, முகம் கலங்கிப் போயிருக்கிறது. பின்பக்கம் மையில் எழுதியிருந்தது: நான், தியோ, சீசர்.

“நாய்க்குப் பேரு இருக்கு, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அதன் பிறகு ஒரு வாரம் அவர் மெஷின் கடைப் பக்கமே போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காப்பியை வைத்துவிட்டு நேராகச் சொன்னேன்.

“இங்க பாருங்க. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல பொட்டப் பிள்ளைக்கு யாரு யோசிச்சுப் பேரு வெச்சாங்க? நம்ம சந்தை வாரத்துக்கு நாளு அஞ்சு, அந்த நாளு பேரைத்தான் வெச்சாங்க. பொன்ல பொறந்தா பொனியெம், என்னை மாதிரி. லெகில பொறந்தா லெகியெம், வாகேல பொறந்தா வாகியெம். அஞ்சுல ஒண்ணு. லெகியெம்னு வெச்சுக்குவோம். மோதினார் கிட்ட நான் சொல்லிடறேன். அவரென்ன கோர்ட்டா நடத்தப் போறாரு?”

அவர் காப்பியை ஊதினார்.

“லெகியெம்னு ஒருத்தி நெஜமா இருப்பா. அவளுக்கு ஒரு மகன் இருப்பான். அவனைக் கூப்பிட்டா நான் எதுக்கு எந்திரிக்கணும்?”

“ஹவ்வான்னு கூப்பிட்டா மட்டும் எந்திரிப்பீங்களோ?”

“அதுக்குத்தானே தேடறேன்.”

இந்த மனுஷனிடம் பேசி நான் ஜெயித்ததில்லை.

கடைசியில் தோட்டத்துக்கே போனோம். பஸ் ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் வாடகை மோட்டார் சைக்கிள். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. தோட்டத்து ஆபீசைச் சுதந்திரப் போரின்போதே கொளுத்திவிட்டார்களாம். கூலி ஆட்களின் ஏடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாம்பலில் எதைத் தேடுவது? கீழே கிராமத்தில் வயதானவர்கள் யார் என்று கேட்டோம். கார்சினா என்ற கிழவியிடம் அனுப்பினார்கள்; ஊரே அவளை எம்பா, பாட்டி என்றது.

அவள் வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தியோ போட்டோவை நீட்டினார். அவள் கத்தியை வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்து வாங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள். பிறகு தியோவின் கண்ணைப் பார்த்தாள். பூனைக்கண்.

“நீ தியோவாடா?”

 நான்தான் சொன்னேன். “ஆமா எம்பா. இவருதான் தியோ. இவங்க அம்மா பேரு என்னன்னு கேட்டுப் போகத்தான் வந்தோம்.”

“தியோ அம்மா” என்றாள் கிழவி.

“அது தெரியுது எம்பா. அவங்க பேரு.”

“அதான் சொல்றேனே. தியோ அம்மா. தோட்டத்துல இருந்து வந்தவ எங்க பக்கத்துக் குடிசைலதான் இருந்தா. நான் சின்னப் பொண்ணு. எந்த ஊருக்காரின்னு யாருக்கும் தெரியாது, காப்பி பறிக்க எங்கிருந்தோ வந்தவ. கிணத்தடில பொம்பளைங்க கிண்டலுக்குக் கூப்பிட்டாங்க, தியோ அம்மா வர்றா, தொரையம்மா வர்றா, வழி விடுங்கடின்னு. தொரையம்மான்னா காதுல வாங்க மாட்டா. தியோ அம்மான்னா திரும்பிப் பாப்பா. அப்புறம் அதுவே நெலச்சுப் போச்சு.”

எங்கள் ஜாவாவில் தலைப்பிள்ளை பிறந்த பிறகு எந்தப் பெண்ணுக்குச் சொந்தப் பேர் இருக்கிறது? என்னையே தெருவில் யூசுப் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

“வேற யாராச்சும் பழைய பேரு சொல்லிக் கூப்பிட்டாங்களா?” தியோ கேட்டார்.

“யாரு கூப்பிடுவா? அவளுக்குத்தான் யாருமில்லையே.”

“எங்க அடக்கினாங்க?”

“ஜப்பான்காரன் பஞ்சத்துல போனா. ஒரு நாளைக்கு நாலு பேரு செத்தாங்க. யாரு யாருக்குக் கட்டை நட்டா? அந்த மூங்கில் தோப்புப் பக்கம்.” மூங்கில் தோப்பு இருந்த இடத்தில் இப்போது கோழிப் பண்ணை இருந்தது.

கிழவி அவித்த கிழங்கு கொடுத்தாள். தியோ மரியாதைக்கு ஒரு துண்டு தின்றார். போட்டோவைத் திருப்பி வாங்கவே மறந்து எழுந்துவிட்டார். நான்தான் வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “அவ கிட்ட ஒரே ஒரு பேருதான் இருந்திருக்கு. அதுவும் என்னோடது.”

“சரி, அதையே மோதினார் கிட்ட சொல்லுவோம்.”

“தியோ அம்மாவோட மகன் தியோன்னா? கேக்கறவன் சிரிப்பான்.”

அதற்குப் பிறகு அவர் தேடவில்லை. அன்னலீஸ் போட்ட கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. கடிதக் கட்டு மெஷின் மேஜைக்கு அடியில் கிடந்து கரையான் பிடித்தது. பாதியை அடுப்பில் போட்டேன், மீதியை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டேன். வேண்டாம் என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

நுரையீரல் கெட்டு, இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தார். “மோதினாருக்கு என்ன சொல்லட்டும்?” என்று ஒருதடவை கேட்டேன். இருமினார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செத்த அன்று காலையில் மோதினார் காசான் வாசலில் நின்று கேட்டார். “இபு பொனி, அவங்க அம்மா பேரு கடைசி வரைக்கும் கெடைக்கலையா?”

“கெடைச்சுது. தியோ அம்மா.”

“அது பேரு இல்லம்மா.”

“அவளுக்கு வேற பேரு இல்ல.”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தலையாட்டிவிட்டுப் போனார். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நான் பின்கட்டில் சாவு வீட்டுச் சோற்றுக்கு இரவல் வந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் யூசுப் மண் காலோடு வந்து நின்றான்.

“என்னன்னுடா கூப்பிட்டாரு?”

“ஹவ்வாவின் மகனே தௌபிக்னு. மூணு தடவை.”

நான் கரிச்சட்டியைத் தேய்த்தேன். நாற்பது வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் படுத்துக் கிடந்திருப்பார்.