சுவரைத் தாண்டாத ரவை

அத்தான் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் குடியேறி ஆறு மாதமான பிறகுதான் அவர் துவக்கு, துப்பாக்கி வீடியோக்கள் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது.

அவர் என் அக்காவின் கணவர். அக்கா வன்னியில், கடைசிச் சண்டையில் செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. அதன்பிறகு அவர் இந்தியாவில் பல வருடம் தனியே அலைந்து, ஒருவழியாகக் கனடா வந்து சேர்ந்தார். ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். பாண், ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் காலை வேலை. மூன்று மணிக்கு வந்துவிடுவார். வந்தால் கீழேதான். சத்தமே இருக்காது.

ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிடப் போன என் மகள் சிரித்துக்கொண்டு மேலே வந்தாள்.

"அப்பா, மாமா கன் வீடியோஸ் பாக்கிறார். லைக், ரஷியன் கன்ஸ். ஃபுல்லா வியர்ட் ஆனது."

அவள் யூனிவேர்சிற்றியில் எஞ்சினியரிங் படிக்கிறாள். மாமாவுக்கு விளங்காத இங்கிலீஷை அவள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். தண்ணீருக்கு அடியில் சுடுகிற, ஊசிபோல நீண்ட சன்னம் போடுகிற ஒரு துவக்கு. விண்வெளிக்குப் போனவர்கள் காட்டில் இறங்கிவிட்டால் ஓநாய்க்குச் சுட மூன்று குழல் வைத்த ஒரு கைத்துப்பாக்கி. அதன் பின்கட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு கத்தி. அதைப் பார்த்த சனிக்கிழமை அத்தான் வாய்விட்டுச் சிரித்தது மேலே எனக்குக் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. எனக்கு சந்தோஷம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது.

அடுத்தநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அத்தான், இந்த வீட்டில உது வேண்டாம். அக்கா எப்பிடிப் போனவ எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அவர் கையிலிருந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டுவிட்டு, "ஓம் தம்பி, சரி" என்றார். மகள் என்னை முறைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் வேலையால் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஐந்து, ஐந்தரை ஆகும். நான் கேட்கவில்லை.

மாசி மாதம் ஒருநாள் மீன் வாங்க மில்லிக்கன் பக்கம் போனேன். பிளாசாவில் கோப்பிக் கடைக் கண்ணாடிக்குள்ளால் அத்தான் தெரிந்தார். மூலை மேசையில் ஜக்கெற்றைக் கழற்றாமல், ரப்லெற்றைக் கோப்பிக் கப்பில் சாத்திவைத்துக்கொண்டு குனிந்திருந்தார். உள்ளே போய் எதிரே உட்கார்ந்தேன். அவர் அதை மூடவில்லை.

"என்னத்தை அத்தான் அப்பிடிப் பாக்கிறியள்?"

திரையை என் பக்கம் திருப்பினார். கட்டைக் குழல், பருத்த உடம்பு, அவலட்சணமான ஒரு துவக்கு.

"இதுக்கு மகசின் விசைக்குப் பின்னால. புல்பப் எண்டுவாங்கள். துவக்கு கட்டையா இருக்கும், வீட்டுக்குள்ள திரும்பிறது லேசு. ரவையைப் பார். எங்கட ஊரில சுட்ட பிப்ரி கலிபர், அந்தப் பெரிய மெசின்கன் ரவையின்ர தடிப்பு இருக்கும். ஆனா மெதுவாப் போறது. கிட்ட நிக்கிற ஆளை விழுத்தும், தூரம் போகாது, சுவரைத் தாண்டாது. ரவுணுக்குள்ள, வீடுகளுக்கு நடுவில சண்டை பிடிக்கச் செய்தது, பின்னால நிக்கிற சனத்துக்குப் படக்கூடாது எண்டு. அப்பிடித்தான் உதில சொல்லுறாங்கள்."

"அதுக்கு இப்ப என்ன?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"உன்ர கொக்கா ஷெல் பட்டுச் சாகேல்ல, தம்பி."

பக்கத்து மேசையில் இரண்டு சீனக் கிழவர்கள் உரத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு முதல் நாள் மழை. பங்கருக்குள்ள முழங்கால் தண்ணி. அவள் அதுக்குள்ளயே இருப்பம் எண்டவள். சேலை நனைஞ்சாப் பறவாயில்லை எண்டவள். நான்தான் சொன்னனான், காய்ச்சல் வரும், வீட்டுக்குள்ள வா, கல்லுச் சுவருக்குப் பின்னால இரு எண்டு. இடத்தையும் காட்டி இருத்தினன். ஆரோ ஆரையோ பாத்து அடிச்ச கலிபர். பக்கத்து வீட்டுச் சுவரையும் துளைச்சு, எங்கட சுவரையும் துளைச்சு வந்தது. எங்களை அவங்கள் காணவே இல்லை."

பிறகு திரையைத் தொட்டார்.

"இந்தத் துவக்கைக் கீறிச் செய்தவனும் ஆள் கொல்லத்தான் கீறினவன், எனக்குத் தெரியும். எண்டாலும் அடுத்த வீட்டில ஆள் இருக்கும் எண்டு ஒருக்கா யோசிச்சிருக்கிறான்."

எத்தனை வருட அக்காவின் நினைவுத் திருப்பலியில் சுவாமியார் 'எறிகணை வீச்சில்' என்று வாசித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தவன் நான். கடைசியாக நடந்ததில் அத்தானும் என் பக்கத்தில் முழந்தாளில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதுவது கஷ்டம். எழும்பினேன். "பங்கருக்குள்ள இருக்க விட்டிருக்கலாம்தானே" என்று சொன்னேன். அந்தக் குளிரில் அவர் இரண்டு பஸ் மாறி வரவேண்டும் என்று தெரிந்தும், அவரை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தேன். மீனும் வாங்கவில்லை.

மாதக் கடைசியில் அவர் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். வேலைக்குக் கிட்ட என்று என் மனைவியிடம் சொன்னாராம். கிட்டவே இல்லை. மகள்தான் சாமான்களை ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமைதான் நான் அங்கே போனேன். கடை ஒன்றுக்கு மேலே இருந்த அறை. கதவைத் திறந்தவர் நன்றாக மெலிந்திருந்தார்.

"வா தம்பி" என்றார், நேற்றுத்தான் கண்டவர்போல. கட்டிலில் என்னை இருக்கச் சொல்லி, தான் நின்றுகொண்டே பிளேன்ரீ போட்டார். வரும் வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அத்தான், நானெண்டாலும் அக்காவை உள்ளுக்கு வா எண்டுதான் சொல்லியிருப்பன்."

அவர் கரண்டியால் கலக்குவதை நிறுத்தினார். திரும்பவில்லை.

"சொல்லியிருப்பாய். ஆனா நீ சொல்லேல்ல. நான்தான் சொன்னனான்."

"அக்காவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். "சாகிறதுக்கு முதல் இருந்த அவவை. நான் இஞ்ச வந்தாப்பிறகு ரெலிபோனில கேட்ட குரலைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது."

கட்டிலின் மறு அந்தத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா சைக்கிள் ஓடப் பழகி ஆசுபத்திரி மதிலில் மோதியதிலிருந்து தொடங்கினார். தேத்தண்ணி ஆறும்வரை சொன்னார். இரண்டு இடத்தில் நிறுத்தி, முகத்தைச் சாரத்தால் துடைத்தார்.

திரும்பி வரும்படி கேட்டேன். மாட்டேன் என்றார். இப்போது வியாழக்கிழமைகளில் நான் போகிறேன். சிலநாள் மகளும் வருகிறாள். சிலநாள் அவர் கதவைத் திறப்பதேயில்லை; உள்ளே இருக்கிறார் என்று தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டைக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டு, படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.