சுலபமாக வந்த கத்தல்

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறார். ‘டக்’ என்று சீல் உடைகிற சத்தம் கேட்டால்தான் குடிப்பார். மேடைக்குப் பின்னறையில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் நம் இடியண்ணன். ராக் பாட்டுக்காரர். அவர் பாட்டைக் கேட்காத காது ஊரில் இல்லை. அவர் நம்புகிற ஆளும் ஊரில் இல்லை.

“இந்த மைக்க நேத்து யாருடா தொட்டா?”

“நீங்கதான் மாமா. முத்தம்கூடக் குடுத்தீங்க,” என்கிறார் கிடார்க்காரர், இடியண்ணன் மனைவியின் தம்பி.

“அப்ப வேற எவனோ தொடச்சிருக்கான்.”

இடியண்ணன் ஒரு காலத்தில் டயர்க் கடையில் காற்றடித்தவர். கம்ப்ரஸர் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே அந்தக் குரல் வந்ததாம். முதல் பாட்டின் கடைசியில் வரும் நீண்ட கத்தல்தான் அவரைத் தூக்கி உச்சியில் உட்கார வைத்தது. இன்றும் கூட்டம் அந்த இடத்துக்காகத்தான் காத்துக்கிடக்கிறது. இன்று அவர் குழுவில் வயர் இழுக்கிற எனக்கு, முதல்முறை கேட்டபோது கண் கலங்கிவிட்டது, ஏன் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது அந்தக் கத்தல்மேலேயே அவருக்குச் சந்தேகம். போன வருடமெல்லாம் அந்த இடத்தில் தொண்டை அடைத்து இருமியவருக்கு, சமீபத்திய ஒத்திகையில் வெண்ணெயாக வந்துவிட்டது.

“ஈஸியா வந்துச்சு தம்பி. எனக்கு எதுவுமே ஈஸியா வந்ததில்ல. யாரோ கை வெச்சிருக்காங்க.”

அதற்காகவே சுருதி பார்க்கும் ஓர் இரும்புக் கவை வாங்கியிருக்கிறார். முழங்காலில் தட்டிக் காதில் வைத்தால் எப்போதும் மாறாத ஒரே சுரம் கேட்கும். கிடார் அதோடு சேருகிறதா என்று இன்று பார்த்துவிடுவார். “சேரலன்னா மேடை ஏற மாட்டேன். ஏமாத்திப் பாடுறதுக்கு டயர்க் கடையே மேல்.”

சேராது. கிடார்க்காரர் கம்பிகளை அரைக்கட்டை தளர்த்தியதைச் சற்றுமுன் நான் பார்த்தேன். சுருதி இறங்கினால் கத்தலும் அந்த அளவு கீழே வந்துவிடும், தொண்டை தப்பிக்கும். நான் பார்த்ததைப் பார்த்துவிட்ட அவருடைய அக்கா, இடியண்ணனின் மனைவி, என்னை நடைவழிக்கு இழுத்துப் போனார்.

“அந்த உசரத்துல கத்துனா குரலே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா. பாடலன்னா மனுஷனே போயிடுவாரு. நான் வேற என்னதான் பண்ண?”

வெளியே கூட்டம் காலால் தரையை உதைத்து அவரைக் கூப்பிடுகிறது. மனைவி ஜாக்கெட்டை விரித்துப் பிடித்து நிற்கிறார்.

“கம்பியத் தட்டுடா.”

“நேரமாச்சு மாமா.”

“தட்டுன்னா தட்டு.”

தட்டினார். இடியண்ணன் கவையை முழங்காலில் அடித்தார். அது முனகத் தொடங்கியது. மைத்துனர் தன் செருப்பைப் பார்த்தார். இடியண்ணன் மனைவியைப் பார்த்தார். விரித்துப் பிடித்த ஜாக்கெட்டுக்கு மேலே அவர் கண் கவையைவிட்டு அசையவில்லை.

காதை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. அதிர்ந்துகொண்டிருந்த கவையின் இரண்டு கால்களையும் விரல்களால் இறுக்கிப் பிடித்தார். முனகல் அடங்கியது. மற்றொரு கையை ஜாக்கெட்டுக்குள் நுழைத்தார்.